தண்ணி ஓடினால்தான் பார் வாழும்

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், களப்பணியாளர்கள் சார்பாக ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்களும் படித்துத் தெரிந்துகொள்ள இங்கே வெளியிடுகிறோம்.)

 

சேமிப்பு, கடன் வசூல், தணிக்கை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு தீர்மானம்தான். பாசி வளர்க்க மூங்கில் மிதவை போடுவதற்கு 4 குழுக்கள் கடன் கேட்டிருக்கின்றன. கடன் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. மிதவையை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. நிறைய பேர் சொன்ன இடம், பாருக்கு உள்பக்கம், கரையை ஒட்டிய இடம். "அங்கதாம்மா தண்ணி சும்மா கிடக்கும். மிதவை அறுத்துக்கிட்டுப் போகாது, நாங்களும் இடுப்பளவு தண்ணியில நின்னே வேலை பார்த்துக்குவோம்" என்று ஒரு அக்கா சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போன தடவை காற்றில் மிதவை போய் நட்டப்பட்டவர் அவர்.

ஆனால் அந்த "சும்மா கிடக்கிற தண்ணி"யைப் பற்றித்தான் இன்றைக்கு நாங்கள் பேச வந்திருக்கிறோம். தீர்மானம் நீங்கள் போடுவதுதான். போடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் கண்டது

போன வருடம் அனுபவப் பயணமாக ஒரு கடல் மீன் காட்சியகத்துக்குப் போனோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் 11 பேர் அந்த வண்டியில் வந்தவர்கள். அங்கே அனுமதி பெற்று உயிரோடு பவளம் வளர்க்கிற ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. நம்மில் பலர் பாசி எடுக்கப் போகும்போது காலுக்குக் கீழே பார்த்ததுதான். ஆனால் நின்று, நிதானமாக, முகத்துக்கு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பவளம் கல் இல்லை. அது உயிர். கல் மாதிரி இருப்பது அது கட்டிக்கொண்ட வீடு. அந்த வீட்டின் மேலே தோல் மாதிரி படர்ந்து, குட்டிக் குட்டிப் பூப்போல விரிகிறதே, அதுதான் பவளப்பூச்சி. கல்போல் இருக்கும் கடின வகைப் பவளங்களை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலிக்கு இருக்கிற அதே முதல் பட்டியலில் சேர்த்தார்கள். எடுப்பதும் விற்பதும் குற்றம். அதனால் "வீட்டுல ஒரு தொட்டி வச்சு வளர்க்கலாமே" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தத் தொட்டியில் இடது பக்கம் இருந்த பவளங்கள் நன்றாக இருந்தன. வலது மூலையில் இருந்தவை மட்டும் வெளிறி, அடிப்பக்கம் சதை போய் வெறும் கல்லாக நின்றன. "ஒரே தொட்டி, ஒரே தண்ணி, ஒரே வெளிச்சம். ஒரு மூலை மட்டும் ஏன் இப்படி?" என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒளிக்காமல் சொன்னார். "எங்க தப்புதான் அக்கா."

நடந்தது இதுதான். அந்த மூலையில் தண்ணீரைத் தள்ளுகிற மோட்டாருக்குள் சிப்பியும் புழுக்கூடும் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டன. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தள்ளும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரே நாளில் நின்றிருந்தால் கவனித்திருப்பார்கள். மெல்ல மெல்லக் குறைந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மூலையில் அழுக்கு தங்கியது. சிவப்பாக ஒரு வழவழப்புப் படலம் பவளத்தின் அடியில் படர்ந்தது. பூக்கள் விரியாமல் சுருங்கின.

பிறகு பதறிப்போய்ப் புது மோட்டார் வாங்கி, பழையதை விடப் பெரியதாக, நேரே பவளத்தைப் பார்த்து வைத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? 2 நாளில் அந்தப் பக்கத்துச் சதை உரிந்து போனது. குழாய்த் தண்ணீரை ஒரே இடத்தில் வேகமாகப் பீய்ச்சினால் செடியின் வேர் வெளியே தெரிகிற மாதிரி.

மூன்றாவது தடவைதான் சரியாகச் செய்தார்கள். மோட்டாரைப் பவளத்தை நேராகப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினார்கள். தண்ணீர் கண்ணாடியில் மோதிச் சிதறிப் பரவியது. எதிர்ப்பக்கம் இன்னொரு மோட்டார். இது கொஞ்ச நேரம், அது கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி ஓட விட்டார்கள். வேகத்தையும் ஒரே நாளில் கூட்டாமல் நாள் கணக்கில் கூட்டினார்கள். மிச்சம் இருந்த சதை பிழைத்துக்கொண்டது. நாங்கள் போன அன்று, செத்த கல்லின் ஓரத்தில் விரல் நகம் அகலத்துக்குப் புதுச் சதை ஏறிக்கொண்டிருந்தது.

ஓட்டம் குறைந்தாலும் கேடு, ஒரே பக்கமாக வேகமாக அடித்தாலும் கேடு, திடீரென்று மாற்றினாலும் கேடு. வந்து வந்து போகிற தண்ணீர்தான் பவளத்துக்கு வேண்டும்.

தண்ணீர் ஓட்டம் என்ன வேலை செய்கிறது?

மீனுக்குப் பசித்தால் நீந்திப் போகும். நண்டுக்கு வெயில் பட்டால் வளைக்குள் போகும். பவளம் எங்கே போகும்? ஒட்டின இடத்திலேயே இருக்கிறது. அது போக முடியாது, தண்ணீர்தான் அதனிடம் வர வேண்டும்.

விறகடுப்பு எரிகிற வீட்டை நினைத்துப் பாருங்கள். சன்னல் திறந்திருந்தால் புகை வெளியே போகும், நல்ல காற்று உள்ளே வரும். சன்னலை அடைத்துவிட்டால் அதே அடுப்பு, அதே சோறு, ஆனால் கண் எரிந்து மூச்சு முட்டும். பவளத்துக்கும் அதே கதைதான்.

பவளத்தின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பகலில் வெயிலை வாங்கிச் சாப்பாடு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். அது வேலை செய்யும்போது பிராணவாயு உண்டாகிறது. பிராணவாயு நல்லதுதானே என்று கேட்பீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு. பகலில் தேவைக்கு மேல் உண்டாவதைத் தண்ணீர் ஓட்டம் கழுவிக்கொண்டு போக வேண்டும். போகாமல் தங்கினால் சதையையே கெடுக்கும். இரவில் வெயில் இல்லை, பாசி தயாரிப்பதில்லை. அப்போது பவளம் மூச்சு விட வெளியிலிருந்து பிராணவாயு வர வேண்டும். அதைக் கொண்டு வருவதும் தண்ணீர் ஓட்டம்தான்.

ஓடாத தண்ணீரில் பவளத்தை ஒட்டி ஒரு மெல்லிய படலம் அசையாமல் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆனால் பவளத்துக்கு அது மூடின சன்னல். ஓட்டம் இருந்தால் அந்தப் படலம் மெலியும், சன்னல் திறக்கும்.

பவளமும் சும்மா இருப்பதில்லை. அதன் தோல் மேலே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. அவற்றை அடித்து அடித்துத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைத் தானே சுழற்றிவிடுகிறது என்று அமெரிக்க, இஸ்ரேல் விஞ்ஞானிகள் 2014-ல் படம் பிடித்துக் காட்டினார்கள். தன்னால் ஆனதைச் செய்கிறது. ஆனால் கடல் நின்றுவிட்டால் அந்த இழைகள் எவ்வளவுதான் விசிறும்?

இதோடு இன்னும் 2 வேலை. ஒன்று, சாப்பாடு கொண்டு வருவது. தண்ணீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பவளப்பூச்சி கையை நீட்டிப் பிடித்துத் தின்கிறது. இன்னொன்று, கூட்டிப் பெருக்குவது. மேலே விழும் சேற்றையும் மண்ணையும் ஓட்டம் அடித்துக்கொண்டு போகிறது.

இதனால்தான் தொட்டி வைத்திருப்பவர்கள் ஓட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். 500 லிட்டர் தொட்டியில் கடினப் பவளம் வளர்ப்பவர்கள் மணிக்கு 10,000 லிட்டராவது சுற்றி வரும்படி மோட்டார் வைப்பது வழக்கம். அதாவது மொத்தத் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் 20 தடவை சுற்றுகிறது. ஹவாய்த் தீவுகளின் வைகீகீ மீன்காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் என்பவர் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். மேலே ஒரு தொட்டி மெதுவாக நிரம்பும். ஒரு மட்டத்துக்கு வந்ததும் வளைந்த குழாய் வழியாக அவ்வளவும் 'குபுக்'கென்று கீழே கொட்டும். மறுபடி நிரம்பும், மறுபடி கொட்டும். அலை வந்து போகிற மாதிரியே. கரண்டில் ஓடுகிற மோட்டாரை வைத்து அவர்கள் செய்யப் பார்ப்பது, நம் கடலில் காற்றும் நீவாடும் ஏற்றவற்றமும் காசு வாங்காமல் செய்கிற வேலை.

நம் கடலில் நடந்தது

தொட்டியில் ஒரு மூலை வெளிறினால் மோட்டாரைத் திருப்பலாம். கடல் வெளிறினால்?

1998-ல் உலகம் முழுக்கக் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சூடு தாங்காமல் உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறிவிட்டால் பவளம் வெள்ளையாகிவிடும். அப்போதும் உடனே சாகாது, பட்டினி கிடக்கும். சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். அந்த வருடம் ஜப்பானின் ஒக்கினாவா தீவில், நல்ல ஓட்டம் உள்ள இடத்துப் பவளங்கள் கூடுதலாகத் தப்பியதைக் கவனித்தார்கள். ஏன் என்று தொட்டியில் வைத்துச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீர் நகர்ந்த இடத்தில் நிறையச் செத்தன. 50 முதல் 70 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய இடத்தில், அதே சூட்டிலும் தாக்குப் பிடித்தன.

ஓட்டம் இருந்தால் சூடு ஒன்றும் செய்யாது என்று நாங்கள் சொல்லவில்லை. சூடு அளவு மீறினால் ஓட்டமும் காப்பாற்றாது. ஆனால் கஷ்டம் வரும்போது தாங்குகிற தெம்பை ஓட்டம் கொடுக்கிறது. அவசரத்துக்குக் கைகொடுக்க நாம் சேமிப்பு வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

நம் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய வெளுப்பு வந்தது. சித்திரை, வைகாசியில் காற்று விழுந்து கடல் கண்ணாடி மாதிரி கிடக்குமே, அந்த நாட்களில்தான் சூடு ஏறும். 2016-க்கு முன்னும் பின்னும் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் மூழ்கி அளந்தார்கள். உயிருள்ள பவளம் நூற்றுக்கு 39 என்று இருந்தது 23 ஆகக் குறைந்தது.

2019 செப்டம்பர், அக்டோபரில் நடந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி, மீன் செத்துக் கரை ஒதுங்கியது. நுண்ணுயிர் ஒன்று அளவுக்கு மீறிப் பெருகி, தண்ணீரில் பிராணவாயு குறைந்து போனது. மீன் செத்தது கரையிலிருந்தே தெரிந்தது. அடியில் பவளமும் வெளுத்துச் செத்தது மூழ்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

மிதவையும் பாரும்

இப்போது நம் தீர்மானத்துக்கு வருவோம்.

நாம் வளர்க்கப் போவது கப்பாபைகஸ் பாசி. இது நம் கடலில் பிறந்தது இல்லை, கொண்டு வந்தது. 45 நாளில் அறுவடை, நல்ல வருமானம். நம் பெண்கள் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே இந்த மிதவையில்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மேலே மூடினால் பவளத்துக்கு வெயிலும் இல்லை, ஓட்டமும் இல்லை. சன்னலை மட்டும் அல்ல, வாசலையும் சேர்த்து அடைத்த மாதிரி. இந்த மாதிரிக் கவலைகளால்தான் மன்னார் வளைகுடாப் பக்கம் வேண்டாம் என்று 2005 டிசம்பரிலேயே அரசு ஆணை வந்தது. மிதவைகள் பாக் நீரிணைப் பக்கம் போனது அதனால்தான். அந்தப் பக்கமும் பார் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

12 அடிக்கு 12 அடி மிதவை, அடியில் வலை, இப்படி வரிசையாக 40, 50 பாரை ஒட்டி நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் மெதுவாகும், நிழல் விழும், சேறு தங்கும், நங்கூரக் கல் பவளத்தை உடைக்கும், அறுந்த பாசித் துண்டு அதன் மேலேயே விழும்.

"பாரைப் பார்த்தா எங்க வயிறு என்னம்மா ஆகுறது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் மிதவை போட்டுப் பழகிய நம் மூத்த உறுப்பினர்களிடமே இருக்கிறது. சும்மா கிடக்கிற தண்ணியில் போட்ட பாசி எப்படி இருந்தது? மேலே தூசியும் வேற்றுப் பாசியும் ஒட்டிக்கொண்டது. வெயில் நாளில் தண்டு வெளுத்து, மெலிந்து, அறுந்து விழுந்தது. நாம் வளர்க்கிற பாசியும் ஒட்டின இடத்தில் இருக்கிற உயிர்தான். அதற்கும் தண்ணீர்தான் சத்தைக் கொண்டு வர வேண்டும், சூட்டை எடுத்துப் போக வேண்டும். பாருக்கு ஆகாத இடம் பாசிக்கும் ஆகாது. அந்த இடத்தில் கடன் பணத்தைப் போட்டால் பாரும் போகும், தவணையும் நிற்கும். அது மட்டுமா? மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப் பாசி எடுக்கப் போகிற நம் மற்றச் சகோதரிகளின் பிழைப்பு அந்தப் பாரில்தான் இருக்கிறது. மீன் குஞ்சு ஒளிந்து வளர்வதும் அங்கேதான்.

இடம் பார்க்கும் முறை

இடத்தை வாயால் பேசி முடிவு செய்ய வேண்டாம், அளந்து பார்ப்போம். செலவு ஒன்றும் இல்லை.

1. 10 மீட்டர் கயிறு ஒன்று. மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைக் காற்று தள்ளும், தண்ணீர் ஊற்றினது ஓட்டத்தோடு போகும்.

2. கயிற்றை ஓட்டம் போகிற திசையில் பிடித்து, ஒரு முனையில் பாட்டிலை விடுங்கள். அடுத்த முனைக்குப் போக எவ்வளவு நேரம் என்று செல்போனில் பாருங்கள். 50 நொடியில் போனால் நொடிக்கு 20 சென்டிமீட்டர், நல்ல ஓட்டம். 5 நிமிடம், 8 நிமிடம் ஆனால் அது ஒக்கினாவாவில் பவளம் செத்த அந்த 2, 3 சென்டிமீட்டர் தண்ணீர். அங்கே மிதவை வேண்டாம்.

3. ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அமாவாசை அல்லது பௌர்ணமி அன்று ஒரு தடவை, அஷ்டமி அன்று ஒரு தடவை, ஏற்றத்திலும் வற்றத்திலும் பாருங்கள். தொட்டி மோட்டார் மாதிரி, ஓட்டம் குறைவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நோட்டில் எழுதினால்தான் தெரியும்.

4. அடியில் மணல் உள்ள இடமாகப் பாருங்கள். பார் மேலேயும் அதை ஒட்டியும் வேண்டாம். நங்கூரம் மணலில்தான் இறங்க வேண்டும்.

5. மிதவை வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் போக வழி விடுங்கள். அடி வலையில் அழுக்கு அடைத்தால் தேய்த்துக் கழுவுங்கள். அறுந்த துண்டுகளைக் கடலில் விடாமல் பொறுக்கிக் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

6. பாரில் பழைய வலை சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், பவளம் பெயர்ந்து வரும். கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுங்கள்.

ஓட்டம் உள்ள இடத்தில் போட்டால் மிதவை அறுத்துக்கொண்டு போகுமே என்கிற பயம் நியாயமானது. அதற்கு வழி கனமான நங்கூரமும் தடித்த கயிறும்தான், செத்த தண்ணி இல்லை. அந்தக் கூடுதல் செலவையும் கடனிலேயே சேர்த்துக் கேளுங்கள் என்பது எங்கள் யோசனை. ஒரு மிதவை போனால் வரும் நட்டத்தை விட அது குறைவுதான். கூட்டமைப்பு அதற்கு மறுப்புச் சொல்லாது என்று நம்புகிறோம்.

நிறைவாக

அந்தக் காட்சியகத்தில் கிளம்பும்போது நம் கூட வந்த ஒரு பெரியம்மா தொட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். 30 வருடம் பாசி எடுத்தவர். "எத்தனை தடவை இதுக மேல ஏறி நின்னு மூச்சு வாங்கியிருக்கேன். அதுவும் மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே" என்றார். வண்டியில் திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

அவர் இன்றைக்கும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தீர்மானத்தை இன்றைக்கே போட வேண்டாம், 15 நாள் தள்ளிப் போடலாம், அதற்குள் ஓர் அமாவாசையும் ஓர் அஷ்டமியும் வந்துவிடும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். 4 குழுவிலிருந்தும் 2, 2 பேர் பாட்டிலும் கயிறும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாருங்கள். நாங்களும் கூட வருகிறோம். அளந்த கணக்கை அடுத்த கூட்டத்தில் நீங்களே படியுங்கள். எங்கே தண்ணீர் ஓடுகிறதோ அங்கே நம் மிதவையும் நிற்கட்டும், பாருக்குப் போகிற தண்ணீரும் தடையில்லாமல் போகட்டும்.